திருகோணமலை வீட்டுக் கமராவை வெளியூரிலிருந்து பார்க்க: போர்ட் திறப்பதா, கிளவுட் செயலியா, வி.பி.என். வழியா?

உவர்மலை, உப்புவெளி, அலஸ்தோட்டம் என்று திருகோணமலையின் எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் கண்காணிப்புக் கமரா பொருத்திய வீடுகள் இன்று சாதாரணமாகிவிட்டன. அவற்றுள் பல வீடுகளில் கமராப் படத்தை அதிகம் பார்ப்பவர்கள் அங்கே வசிப்பவர்கள் அல்லர். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ கொழும்பிலோ இருக்கும் பிள்ளைகள்தாம். வயதான தாய் தந்தையர் தனித்திருக்கும் வீடு, ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடு, நிலாவெளியில் சுற்றுலாப் பருவத்தில் மட்டும் நிரம்பும் விருந்தினர் இல்லம் என்று தேவைகள் வேறுபடலாம். ஆயினும் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றே: வீட்டு வலையமைப்புக்குள் இருக்கும் கமராவை வெளியிலிருந்து எந்த வழியால் பார்ப்பது என்ற தீர்மானம். கமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைப் பற்றி ஒரு வாரம் விசாரிக்கும் குடும்பங்கள்கூட இந்தத் தீர்மானத்தைப் பொருத்த வருபவரிடமே விட்டுவிடுகின்றன. அவரோ அன்றைக்கு எது விரைவில் வேலை செய்யுமோ அதைச் செய்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்.

நடைமுறையில் உள்ள வழிகள் மூன்று. ரவுட்டரில் போர்ட் (இணைப்புகள் வந்துபோகும் எண்ணிட்ட வாசல்) திறந்து கமராவை இணையத்துக்கு நேரடியாகக் காட்டுவது முதலாவது. கமரா நிறுவனத்தின் சேவையகம் வழியாக அதன் செயலியில் பார்ப்பது இரண்டாவது. வீட்டு வலையமைப்புக்கு ஒரு வி.பி.என். (மறையாக்கம் செய்த தனி இணைப்புப் பாதை) அமைத்து, அதனுள் நுழைந்த பின்னரே கமராவைத் தொடுவது மூன்றாவது. என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முதலாவது வழியை வீடுகள் முற்றாகக் கைவிட வேண்டும், மற்ற இரண்டில் எதை எடுப்பது என்பது வீட்டுக்கு வரும் இணைப்பையும், அமைப்பைப் பராமரிக்க ஒருவர் இருக்கிறாரா என்பதையும் பொறுத்தது.

இணைப்பு எத்தகையது

ஒப்பிடத் தொடங்கும் முன்னர் வீட்டுக்கு வரும் இணைய இணைப்பை ஆராய வேண்டும். ஏனெனில் முதலாவது வழி சில இணைப்புகளில் இயங்கவே இயங்காது. இணையக் கருவிகளுக்கு எண் முகவரி கொடுக்கும் ஐ.பி.வி.4 முறையில் உலகம் முழுவதற்கும் உள்ள முகவரிகள் ஏறத்தாழ 430 கோடிதான். அவற்றின் மையக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. அதன் பின்னர் சேவை வழங்குநர்கள், குறிப்பாக 4ஜி அலைவரிசையில் வீட்டு இணைப்புத் தருபவர்கள், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைக்கும் முறையைப் பரவலாகக் கையாளத் தொடங்கினார்கள். சி.ஜி.நாட் என்று அழைக்கப்படும் இம்முறைக்காகவே 100.64 இல் தொடங்கி 100.127 இல் முடியும் முகவரித் தொகுதி 2012 ஆம் ஆண்டு ஒதுக்கப்பட்டது.

கண்டறிவது எளிது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில், வெளி இணைப்பு நிலையைக் காட்டும் இடத்தில், ஒரு ஐ.பி. முகவரி இருக்கும். அதே வீட்டு வைஃபையில் இருந்தபடி, உங்கள் பொது முகவரியைக் காட்டும் இணையத்தளம் ஒன்றைத் திறந்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றானால் பொது முகவரி உங்கள் ரவுட்டருக்கே கிடைத்திருக்கிறது. ரவுட்டர் காட்டும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலோ, 10 என்று தொடங்குவதாகவோ இருந்து, இணையத்தளம் வேறொன்றைக் காட்டினால் நீங்கள் சி.ஜி.நாட்டின் பின்னால் இருக்கிறீர்கள். அந்நிலையில் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. வெளியிலிருந்து வரும் கோரிக்கை வழங்குநரின் கருவியோடு நின்றுவிடும், உங்கள் ரவுட்டரை எட்டாது. இந்தச் சோதனையைச் செய்யாமல், போர்ட் திறந்தும் படம் வரவில்லை என்று ரவுட்டரையும் கமராவையும் மாறி மாறி மாற்றிப் பணம் செலவழிப்பவர்களுக்காகவே இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளிலும் இச்சோதனையைத் தவிர்க்க வேண்டாம். பொது முகவரி கிடைத்திருந்தாலும் அது நிலையானதாக இருக்க வேண்டியதில்லை. ரவுட்டர் அணைந்து மீண்டும் எழும்போது மாறக்கூடும். மின்வெட்டு வழக்கமாகிப்போன 2022 ஆம் ஆண்டில் நாளுக்குப் பலமுறை ரவுட்டர் அணைந்து எழுந்ததையும், மாரிக்காலக் காற்றில் மின் கம்பி அறுந்து மணிக்கணக்கில் இருளில் இருப்பதையும் அறிந்த நமக்கு, மாறும் முகவரி என்பது ஏட்டுச் சிக்கல் அல்ல. அதைச் சமாளிக்கவே மாறும் முகவரியை ஒரு நிலையான பெயரோடு பிணைக்கும் டி.டி.என்.எஸ். சேவைகள் உள்ளன.

போர்ட் திறக்கும் வழி

இதன் செயல்முறையை நேர்மையாகச் சொல்லிவிட்டே குறைகளுக்குப் போக வேண்டும். வெளியிலிருந்து தானாக வரும் இணைப்புகளை ரவுட்டர் இயல்பாக மறுத்துவிடும். குறிப்பிட்ட எண்ணுள்ள போர்ட்டுக்கு வரும் இணைப்பை மட்டும், வீட்டுக்குள் இருக்கும் குறிப்பிட்ட கருவிக்கு அனுப்பு என்று ரவுட்டருக்குச் சொல்லும் விதியே போர்ட் ஃபோர்வர்டிங். கமராவின் இணையப் பக்கத்துக்கு 80 அல்லது 443, காணொளி ஓட்டத்துக்கு 554, ஹிக்விஷன் கருவிகளின் செயலிக்கு 8000, டாஹுவா கருவிகளுக்கு 37777, பெயர் தெரியாத மலிவு விலை டி.வி.ஆர். (கமராப் படத்தைப் பதியும் கருவி) பலவற்றுக்கு 34567 என்று எண்கள் வழக்கத்தில் உள்ளன. விதி சரியாக அமைந்தால் கமராவுக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் வேறெந்த நிறுவனமும் இல்லை. படம் தாமதமின்றி வரும். கமரா நிறுவனம் நாளை தன் சேவையை மூடினாலும் பாதிப்பில்லை. இந்த நன்மைகள் உண்மையானவை.

சிறு சிக்கல்கள் பல. மின்சாரம் போய் வந்த பின்னர் வீட்டுக்குள் கருவிகளுக்குக் கிடைக்கும் உள் முகவரிகள் இடம் மாறலாம், நேற்றுவரை என்.வி.ஆர். (வலையமைப்பு வழியே கமராப் படத்தைப் பெற்றுப் பதியும் கருவி) இருந்த முகவரியில் இன்று யாரோ ஒருவரின் கைத்தொலைபேசி இருக்கும், விதியோ பழைய முகவரியையே சுட்டிக்கொண்டிருக்கும். என்.வி.ஆருக்கு ரவுட்டரிலேயே நிலையான உள் முகவரி ஒன்றை ஒதுக்கிவிட்டால் இது தீரும். இன்னொன்று, பல ரவுட்டர்கள் வீட்டுக்குள்ளிருந்தபடி வெளி முகவரியைப் பாவித்துத் திரும்பவும் உள்ளே வருவதை அனுமதிப்பதில்லை. ஆகவே போர்ட் திறந்திருக்கிறதா என்பதை வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, கைத்தொலைபேசியின் டேட்டாவில் இருந்துதான் சோதிக்க வேண்டும்.

பெரிய சிக்கல் இவற்றில் எதுவுமில்லை. போர்ட் திறந்த கணத்திலிருந்து அது உங்கள் மகளுக்கு மட்டுமன்றி உலகம் முழுவதற்கும் திறந்திருக்கிறது என்பதுதான் பெரிய சிக்கல். வேகமான இணைப்புள்ள ஒரே கணினியைக் கொண்டு, ஐ.பி.வி.4 முகவரிகள் அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்பதை 45 நிமிடங்களுக்குள் துழாவி முடிக்கலாம் என்பதை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் ஸீமேப் என்ற கருவியால் நிறுவினார்கள். இணையத்துக்குத் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடிப் பட்டியலிடும் ஷோடான் என்ற தேடுபொறி 2009 முதலே இருக்கிறது. நாம் ஒரு சிறிய ஊரில், ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறோம், நம் வீட்டுக் கமராவை யார் தேடப்போகிறார்கள் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. துழாவும் நிரல் எவரையும் தேடிப் போவதில்லை, வரிசையாக எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கிறது. 80 ஐ 8899 என்று மாற்றி வைப்பதால் தட்டல்களின் எண்ணிக்கை குறையும். பாதுகாப்பு அதிகரிக்காது.

அப்படித் தட்டியவர்களால் என்ன நேர்ந்தது என்பதற்கு 2016 ஆம் ஆண்டே சான்று. மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாத கமராக்களையும் டி.வி.ஆர்களையும் தேடி, அறுபதுக்குச் சற்று மேற்பட்ட சொற்சோடிகளை மட்டும் முயன்று அவற்றைக் கைப்பற்றியது. அவ்வாறு பிடிபட்ட வீட்டுக் கருவிகளின் கூட்டுத் தாக்குதலால் அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆம் திகதி இணையத்தளப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித்தரும் டைன் என்ற நிறுவனம் முடங்க, அமெரிக்காவில் பலருக்கு டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்கள் கிட்டாமற்போயின. கமரா வைத்திருந்த வீட்டுக்காரர்களுக்குத் தம் கருவி இதில் ஈடுபட்டதே தெரியாது. படம் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது.

கடவுச்சொல்லைப் பலமானதாக மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு இரண்டு பதிவான குறைபாடுகளைச் சொல்கிறேன். ஹிக்விஷன் கமராக்கள் சிலவற்றில் 2017 இல் வெளியான குறைபாட்டின்படி, இணைய முகவரியின் இறுதியில் ஒரு சிறு எழுத்துத் தொடரைச் சேர்த்தாலே கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விட்டது. அதே நிறுவனத்தின் கருவிகளில் 2021 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்ட, சி.வி.இ-2021-36260 என்று பதிவெண் இடப்பட்ட குறைபாடு இன்னும் கடுமையானது: கமராவின் இணையப் போர்ட்டை எட்ட முடிந்தால் போதும், பயனர்பெயரோ கடவுச்சொல்லோ இல்லாமல் கருவி முழுவதையும் கைப்பற்றலாம். நிறுவனம் திருத்தம் வெளியிட்டது; ஆயினும் ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2022 ஓகஸ்ட்டில், திருத்தப்படாமல் இணையத்துக்குத் திறந்திருந்த கமராக்கள் 80,000 இற்கும் மேல் இருந்தன. டாஹுவா கருவிகளிலும் 2021 இல் உள்நுழைவைத் தாண்டிச் செல்லும் குறைபாடு வெளிவந்தது. கமராவின் மென்பொருள் ஒருநாள் பழுதாகும் என்று எண்ணியே அமைக்க வேண்டும். அந்த நாளில் கடவுச்சொல் உங்களைக் காக்காது, அந்தப் போர்ட்டை வெளியார் எட்ட முடியாதிருப்பதே காக்கும்.

இவ்வழியின் இரண்டு கிளைகளையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். டி.எம்.இஸட். என்பது எல்லாப் போர்ட்டையும் ஒரே கருவிக்குத் திறந்துவிடுவது. அதற்கு வீட்டில் எந்தத் தேவையும் இல்லை. யு.பி.என்.பி. என்பது கமராவே ரவுட்டரிடம் கேட்டுத் தனக்குப் போர்ட் திறந்துகொள்ளும் வசதி. திறந்தது வீட்டில் எவருக்கும் தெரியாது என்பதால் இதை முன்னதிலும் ஆபத்தானதாகக் கருதுகிறேன். பார்ப்பவரின் நிலையான முகவரியிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும்படி ரவுட்டரில் கட்டுப்படுத்த முடியுமானால் போர்ட் திறப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் கைத்தொலைபேசியில் பார்க்கும் பிள்ளைக்கு நிலையான முகவரி இராது. வழங்குநர் தரும் ரவுட்டர்கள் பலவற்றில் அக்கட்டுப்பாடும் இராது.

நிறுவனத்தின் செயலி வழி

கமராவில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியைச் செயலியில் காட்டியதும் படம் வந்துவிடுகிறதே, அது இரண்டாவது வழி. இங்கே ரவுட்டரில் எதையும் திறப்பதில்லை. கமராவே உள்ளிருந்து வெளியே நிறுவனத்தின் சேவையகத்தை அழைத்து அந்த இணைப்பை உயிரோடு வைத்திருக்கிறது. பார்ப்பவரின் செயலியும் அதே சேவையகத்தை அழைக்கிறது. இயன்றால் இருவரையும் நேரடியாக இணைத்துவிட்டுச் சேவையகம் விலகிக்கொள்ளும், இயலாவிட்டால் படம் அதன் ஊடாகவே போகும். உள்ளிருந்து வெளியே போகும் அழைப்பு என்பதால் சி.ஜி.நாட் இதற்குத் தடையல்ல. 4ஜி ரவுட்டரில் இயங்கும் சாம்பல்தீவு வீட்டுக்கும் ஃபைபர் உள்ள நகர வீட்டுக்கும் இது ஒரேவிதமாக வேலை செய்வதே இதன் பெரும் பலம்.

விலை என்னவென்றால் நம்பிக்கை. நிறுவனத்தின் சேவையகத்தில் பிழை நேர்ந்தால் உங்கள் வீடு அந்நியருக்குத் தெரியக்கூடும். வைஸ் என்ற அமெரிக்கக் கமரா நிறுவனத்தில் 2024 பெப்ரவரியில் சேவைத் தடையொன்றுக்குப் பின்னர் அமைப்பு மீண்டபோது, ஏறத்தாழ 13,000 பயனர்களுக்கு மற்றவர்களின் கமராக்களில் பதிவான சிறுபடங்கள் காட்டப்பட்டன. த்ரூடெக் நிறுவனத்தின் கலே என்ற இணைப்புத் தளத்தில் 2021 ஓகஸ்ட்டில் வெளியிடப்பட்ட குறைபாடு இன்னொரு பாடம்: பல பெயர்களில் விற்கப்படும் கமராக்கள் உள்ளே ஒரே தளத்தைப் பாவிப்பதால், பெட்டியில் உள்ள பெயரை வைத்து மட்டும் பாதுகாப்பைக் கணிக்க முடியாது. எனவே இவ்வழியை எடுப்பவர்கள் மலிவைப் பார்த்துப் பெயரறியாத கமராவை வாங்கக் கூடாது. குறைபாடு வெளிவந்தால் அறிவித்துத் திருத்தம் தரும் வழக்கமுள்ள நிறுவனமா, செயலியில் இரண்டு படிச் சரிபார்ப்பு உண்டா என்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நம் ஊரில் இதைவிட அண்மையில் இருக்கும் ஆபத்து வேறொன்று உண்டு. கமரா பொருத்துபவர் வேலையை விரைவில் முடிப்பதற்காகத் தமது மின்னஞ்சலிலோ கைத்தொலைபேசி எண்ணிலோ கணக்குத் தொடங்கி, கமராவை அதில் பதிந்துவிட்டு, வீட்டாருக்குப் பகிர்வு மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனாலும் கமராவின் உரிமையாளர் கணக்கு அவருடையது. அவர் தொலைபேசியைத் தொலைத்தாலோ, தொழிலை விட்டுவிட்டு வெளிநாடு போனாலோ, உங்கள் வீட்டு முற்றத்தின் படம் யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. பல கமராக்களில் பழைய கணக்கிலிருந்து நீக்காமல் புதிய கணக்கில் பதியவும் விடாது. பணம் கொடுக்கும் முன்னரே, வீட்டில் ஒருவரின் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கி, அவர் கையாலேயே கியூ.ஆர். குறியைக் காட்டிப் பதியச் செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கடவுச்சொல்லைச் சொல்லாமல், செயலியில் உள்ள பகிர்வு வசதியால் தனித்தனிக் கணக்குகளுக்கு அனுமதி கொடுத்தால், தேவையற்றபோது ஒருவருடையதை மட்டும் நிறுத்திவிடலாம்.

நிறுவனத்தின் வழியாகப் பார்ப்பதும் நிறுவனத்திடம் பதிவை வைப்பதும் வேறு வேறு. பதிவை வீட்டிலுள்ள என்.வி.ஆரிலோ கமராவின் நினைவட்டையிலோ வைத்துக்கொண்டு, பார்வையை மட்டும் செயலி வழியே எடுக்கலாம். மாதச் சந்தாவும் வேண்டாம். கணக்கிட்டுப் பார்த்தாலும் இதுவே நல்லது. விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் ஓடும் ஒரு கமரா மணிக்கு 900 மெகாபைட், நாளுக்கு ஏறத்தாழ 21.6 ஜிகாபைட் அனுப்பும். நான்கு கமராக்களை இடைவிடாமல் கிளவுட்டில் பதிந்தால் நாளொன்றுக்கு 86 ஜிகாபைட் போகும். அளவிடப்பட்ட டேட்டாப் பொதி வைத்திருக்கும் வீட்டுக்கு இது கட்டுபடியாகாது. அதே நான்கு கமராக்களும் 1 டெராபைட் ஹாட் டிஸ்க்கில் ஏறத்தாழ 11 நாள் பதிவைத் தாங்கும். வெளியிலிருந்து பார்க்கும்போதும் செயலியில் குறைந்த தரத்து ஓட்டத்தைத் தேர்ந்தால், விநாடிக்கு 512 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்துக்கு 230 மெகாபைட் மட்டுமே செலவாகும்.

வி.பி.என். வழி

மூன்றாவது வழியே தொழில்நுட்பத்தில் தூய்மையானது. இங்கே கமரா இணையத்துக்குத் தெரிவதுமில்லை, நிறுவனத்தின் சேவையகத்தை நம்பியிருப்பதுமில்லை. பார்ப்பவரின் கைத்தொலைபேசி முதலில் மறையாக்கம் செய்த இணைப்பால் வீட்டு வலையமைப்புக்குள் நுழைகிறது. நுழைந்த பின்னர் அது வீட்டுக் கூடத்தில் இருக்கும் தொலைபேசியைப் போலவே கமராவை அதன் உள் முகவரியில் அழைக்கிறது.

இதிலும் இரண்டு வகை. பொது முகவரி உள்ள வீட்டில், வயர்கார்ட் என்ற வி.பி.என். மென்பொருள் வசதியுள்ள ரவுட்டரிலோ சிறு கணினியிலோ சேவையகத்தை அமைத்து, அதற்கென யு.டி.பி. என்ற தரவு அனுப்பும் முறைக்குரிய ஒரே ஒரு போர்ட்டை, வழக்கமாக 51820 ஐ, திறக்கலாம். போர்ட் திறக்கக் கூடாது என்று இவ்வளவு வாதாடிவிட்டு இங்கே திறக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். வேறுபாடு அந்தப் போர்ட்டின் பின்னால் இருக்கும் மென்பொருளில் உள்ளது. கமராவின் இணையப் பக்கம் தட்டுபவர் எவருக்கும் பதில் சொல்லும். வயர்கார்ட்டோ சரியான திறவுகோல் இல்லாத கோரிக்கைக்குப் பதிலே அனுப்பாது, ஆகவே துழாவுபவருக்கு அந்தப் போர்ட் இருப்பதே தெரியாது. ஏறத்தாழ 4,000 வரி நிரலே கொண்டதால் பலர் அதை வரிவரியாகப் பரிசோதித்திருக்கிறார்கள். 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் இயங்குதளக் கருவின் 5.6 ஆம் பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. கமரா நிறுவனம் ஒன்று தன் கருவியின் உள் மென்பொருளுக்கு இத்தகைய கவனத்தைச் செலுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

சி.ஜி.நாட்டின் பின்னால் உள்ள வீட்டுக்கு டெயில்ஸ்கேல் போன்ற சேவை பொருந்தும். அதுவும் உள்ளே வயர்கார்ட்டையே பாவிக்கிறது. ஆனால் வீட்டுக் கருவியும் வெளிநாட்டுத் தொலைபேசியும் உள்ளிருந்து வெளியே அழைத்துக்கொள்வதால் பொது முகவரியோ திறந்த போர்ட்டோ வேண்டாம். தனிநபர்களுக்கு இலவசத் திட்டமும் உண்டு. ஒருங்கிணைப்புக்காக ஒரு நிறுவனத்தை நம்ப வேண்டியிருக்கிறது என்பது உண்மை. எனினும் திறவுகோல்கள் கருவிகளிலேயே இருப்பதால் படம் அந்நிறுவனத்துக்குத் தெரியாது. வீட்டில் எப்போதும் இயங்கும் சிறு கணினி ஒன்று, ராஸ்ப்பெரி பை போன்றது, கமராக்கள் உள்ள உள் வலையமைப்பு முழுவதற்கும் நுழைவாயிலாக இருக்கும். கமராவிலோ என்.வி.ஆரிலோ எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இவ்வழியில் பலர் இடறும் இடம் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். திருகோணமலை வீட்டு ரவுட்டர் 192.168.1 என்ற தொடரில் முகவரி கொடுக்கிறது. ரொறன்ரோ வீட்டு ரவுட்டரும் அதே தொடரையே கொடுக்கலாம், ஏனெனில் பல ரவுட்டர்களில் தொழிற்சாலையிலிருந்து வரும் அமைப்பு அது. அப்போது மகன் 192.168.1.50 என்று என்.வி.ஆரை அழைத்தால், அவனுடைய தொலைபேசி தன் வீட்டுக்குள்ளேயே அந்த முகவரியைத் தேடக்கூடும், வி.பி.என். பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருக்கும், படம் வராது. திருகோணமலை வீட்டின் தொடரை 192.168.57 போன்ற வழக்கமில்லாத ஒன்றாகத் தொடக்கத்திலேயே மாற்றி, அதன் பின்னரே கமராக்களுக்கு முகவரி ஒதுக்கினால் இந்தத் தொல்லை எழாது.

குறை பராமரிப்பில் உள்ளது. சிறு கணினி மின்வெட்டுக்குப் பின்னர் தானாக எழ வேண்டும். அதன் நினைவட்டை திடீர் மின் துண்டிப்பால் பழுதாகக்கூடும். தொலைபேசி மாற்றினால் புதிய தொலைபேசியைச் சேர்க்க வேண்டும். ரவுட்டருக்கும் சிறு கணினிக்கும் ஒரு சிறிய யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும். பழுது வந்தால் எழுபது வயதுத் தாயிடம் தொலைபேசியில் விளக்கிச் சரிசெய்ய முடியாது என்பதை வெளிநாட்டில் இருப்பவர்கள் நேர்மையாக எண்ணிப்பார்க்க வேண்டும். வி.பி.என். அமைக்கத் தெரிந்த ஒருவர் குடும்பத்திலோ அயலிலோ இருந்து, தேவைப்படும்போது வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமானால், என் தெரிவு ஐயமின்றி இதுவே.

எந்த வீட்டுக்கு எது

பெற்றோர் தனித்திருக்கும் வீட்டில், பார்க்க வர ஆள் இல்லாவிட்டால், திருத்தம் தரும் நிறுவனத்தின் கமரா, வீட்டாரின் பெயரில் கணக்கு, இரண்டு படிச் சரிபார்ப்பு, பதிவு வீட்டுக்குள் என்பதே தகுந்தது. அவ்வீட்டில் கமராவை வாசலுக்கும் முற்றத்துக்கும் மட்டுப்படுத்த வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். விழுந்துவிடுவார்களோ என்ற கவலையில் படுக்கையறையில் கமரா வைக்கும் பிள்ளைகளின் அன்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் சேவையகத்தில் ஒருநாள் பிழை நேர்ந்தால் வெளியாவது முற்றத்தின் படமாக இருப்பதற்கும் தாயின் படுக்கையறையாக இருப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதல்ல. உள்ளே வைத்தே ஆகவேண்டுமென்றால் அந்தக் கமராவுக்கு வி.பி.என். தவிர வேறு வழியை நான் ஏற்கமாட்டேன்.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. அசைவு கண்டதும் அறிவிப்பு வருவதும், அதை அயலில் உள்ள உறவினர் ஒருவரும் பெறுவதுமே முக்கியம். செயலி வழி இதை எளிதாகத் தருகிறது.

விருந்தினர் இல்லத்தின் நிலை வேறு. மே முதல் செப்டெம்பர் வரை அங்கே தங்குபவர்கள் எல்லாரும் வைஃபை கேட்பார்கள். அவர்கள் இருக்கும் அதே வலையமைப்பில் கமராக்கள் இருந்தால், வெளியே எந்தப் போர்ட்டும் திறக்காவிட்டாலும், உள்ளேயிருந்தே எவரும் கமராவின் இணையப் பக்கத்தைத் திறக்கலாம். விருந்தினர் வைஃபையைத் தனி வலையமைப்பாகப் பிரித்த பின்னரே தொலைப்பார்வை பற்றிப் பேச வேண்டும். வருமானம் தரும் இடமாதலால் நல்ல ரவுட்டருக்குச் செலவிடுவதும், ஒருவரை அமர்த்தி வயர்கார்ட் அமைப்பதும் அங்கே கட்டுபடியாகும்.

ஏற்கெனவே போர்ட் திறந்து பாவிப்பவர்கள் மாறும்போது வரிசை தவறக் கூடாது. புதிய வழியை அமைத்து, வெளிநாட்டில் உள்ளவர் அதில் படம் பார்த்து உறுதிப்படுத்தட்டும். பின்னர் ரவுட்டரில் போர்ட் விதிகளை நீக்கி, யு.பி.என்.பி. ஐயும் வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியையும் அணைக்க வேண்டும். அதன் பின்னரே என்.வி.ஆரையும் கமராக்களையும் மின்சாரம் துண்டித்து மீண்டும் எழுப்ப வேண்டும். மிராய் போன்ற தீநிரல் கருவியின் தற்காலிக நினைவில் மட்டும் இருப்பதால் மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். ஆனால் போர்ட் திறந்திருக்கும்போதே மறுதொடக்கம் செய்தால் மீண்டும் தொற்றிக்கொள்ளும். எழுந்ததும் உள் மென்பொருளைப் புதுப்பித்து, கடவுச்சொல்லை மாற்றி, என்.வி.ஆரின் பயனர் பட்டியலில் நீங்கள் சேர்க்காத பெயர் இருந்தால் நீக்கிவிட வேண்டும். கடைசியாக, வைஃபையை அணைத்த கைத்தொலைபேசியிலிருந்து பழைய முகவரியை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். பக்கம் திறக்காவிட்டால் வேலை முடிந்தது.